ஆயர் வரிசையும் மந்தையின் கணக்கும்

மறைமாவட்டம் ஒன்றின் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆயர்களின் வரிசையையே எழுதி முடிக்கின்றனர். விழா மலர்களைப் புரட்டினால் இதனைக் காணலாம். பெயர், படம், பட்டமேற்ற ஆண்டு, எழுப்பிய கட்டடங்கள், பின்பு அடுத்தவர். அரசர் பட்டியலையே நாட்டு வரலாறென்று கற்பித்த பழைய பாடநூல்களின் வழித்தோன்றல் இது. ஆண்டவர்கள் வருகிறார்கள், ஆளப்பட்டவர்கள் வருவதில்லை.

ஆனால் இப்பட்டியலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதனை வாசிக்கும் முறையை மாற்றினால் போதும்.

யாழ்ப்பாணத்து வரிசையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே பெற்றாக்கினி. அவருக்குப் பின் செமேரியா. இருவரும் இத்தாலியர். தொடர்ந்து பொஞ்சீன், மெலிசன், யூலன், புரோ, கியோமார் என்னும் பிரெஞ்சுக்காரர் ஐவர். 1950 இல் எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை பொறுப்பேற்றபோதுதான் தமிழர் ஒருவர் அப்பீடத்தில் அமர்ந்தார். நாடு சுதந்திரம் பெற்று இரண்டாண்டுகள் கழிந்திருந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் மன்றாடிய மக்களுக்குத் தம் மொழியிற் பிறந்த மேய்ப்பர் ஒருவர் கிடைக்க அத்தனை காலம் சென்றது ஏன்? நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) போன்ற பேரறிஞர் குருமாரிடையே வாழ்ந்த காலமும் அதுவே. ஆகவே, ஆற்றல் இல்லை என்பது விடையாகாது. திருச்சபையும் தன் காலத்து ஆட்சியமைப்பின் நிழலிலேயே நின்றது என்பதே விடை.

ஐரோப்பிய ஆயர்களின் பணியை மறுப்பது நேர்மையன்று. கல்விக்காகப் பொஞ்சீன் வாதாடிய வாதங்களின் பயனை யாழ்ப்பாணம் இன்றும் நுகர்கிறது. ஆயினும், பள்ளிக்கூடத்தைக் கட்டிய கைகள் யாருடையவை, அதன் வாசலில் எந்தச் சாதி நிறுத்தப்பட்டது என்ற வினாக்களுக்குப் பட்டியலில் இடமில்லை.

இன்னுமொன்று. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். அதன்பின் ஏறத்தாழ ஒன்றே முக்கால் நூற்றாண்டு இந்தத் தீவில் ஆயரே இருக்கவில்லை. வரிசை எழுதுவோர்க்கு அது வெற்றிடம். ஆனால் அக்காலத்திலேதான் மாந்தையிலிருந்து அன்னையின் சுரூபத்தைச் சுமந்து மக்கள் மடுக் காட்டுக்குள் ஓடினர் என்று மரபு கூறுகிறது. 1687 இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, மறைந்து வந்த யோசேப்பு வாஸ் அடிகளை வீடுகளில் ஒளித்து வைத்தவர்களும் மக்களே. ஆயர் இல்லாமல் மந்தை வாழ்ந்தது. மந்தை இல்லாமல் ஆயர் வாழ்ந்ததாக வரலாறு இல்லை.

இப்பொழுது கனகராயன்குளத்தில் நின்று பார்ப்போம். 1981 இல் மன்னாரும் வவுனியாவும் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து மன்னார் மறைமாவட்டமாயின. கனகராயன்குளம் இந்தப் பக்கம். கண்டி வீதியில் வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள மாங்குளம் அந்தப் பக்கம். கனகராயன் ஆறோ எல்லையைப் பாராமல் வடக்கே ஓடி இரணைமடுவைச் சேர்கிறது. போரும் எல்லையைப் பார்க்கவில்லை.

மன்னாரின் முதல் ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம். 1992 இல் அவர் யாழ்ப்பாணத்துக்குச் செல்ல, இராயப்பு யோசேப்பு ஆண்டகை வந்தார். 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியிலிருந்தோர், கச்சேரிக் கணக்கின்படி 4,29,059. 2009 ஜூலை 10 வரையில் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர், ஐ.நா. கணக்கின்படி 2,82,380. மிகுதி 1,46,679 பேர் எங்கே?

இவ்வினாவின் சிறப்பை உணர வேண்டும். அக்கச்சேரிகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்தவை. அவை அவருடைய மறைமாவட்டமல்ல. அம்மக்களிற் பெரும்பான்மையோர் கத்தோலிக்கருமல்லர். தன் எல்லைக்கும் தன் மதத்துக்கும் அப்பாலுள்ளோரை அவர் எண்ணினார். அரசின் பதிவேட்டையே எடுத்து அரசிடம் வினாவினார். முன்பு மேற்றிராணியார் என்றோம். இன்று ஆயர் என்கிறோம். அச்சொல் தன் முழுப் பொருளைப் பெற்றது அன்றுதான். தொண்ணூற்றொன்பதை விட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடுபவனல்லவா ஆயன்?

அவர் 2016 இல் ஓய்வு பெற்று, 2021 ஏப்ரல் 1 இல் மறைந்தார். கணக்கின் தொகையைப் பற்றி வாதிடுவோர் வாதிடலாம். கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆயர்களின் பட்டியலில் ஒரு பெயரும் விடுபடவில்லை. ஆண்டுகளும் பிழையின்றி உள்ளன. காணாமற்போனோர்க்கோ ஓர் எண் மட்டுமே உண்டு. பெயர்கள் இன்னும் தாய்மாரின் கைகளிலுள்ள படங்களில்தான் இருக்கின்றன. அடுத்த விழா மலரை எழுதப்போகும் ஆசிரியர்களும் மாணவர்களும் முதற்பக்கத்தில் யாரை எழுத வேண்டும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?