டிலன் ஏன் அப்படிச் செய்தார்?

1963 நவம்பர் தொடக்கத்தில் நியூஸ்வீக் இதழ் பாப் டிலனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 22. தான் பெற்றோர் இல்லாதவன், வித்தைக் குழுக்களோடு ஊர் ஊராகத் திரிந்து வளர்ந்தவன் என்றெல்லாம் நியூயார்க் நண்பர்களிடமும் நிருபர்களிடமும் அவர் சொல்லி வந்தார். கட்டுரை அதைப் போட்டு உடைத்தது. அவருடைய இயற்பெயர் ராபர்ட் சிம்மர்மன். மினசோட்டா மாநிலத்தின் இரும்புச் சுரங்க ஊரான ஹிப்பிங்கில் கடை நடத்திய நடுத்தர யூதக் குடும்பத்தின் பிள்ளை. அக்டோபர் இறுதியில் கார்னெகி அரங்கில் மகன் பாடுவதைக் கேட்க அப்பாவும் அம்மாவும் நியூயார்க்குக்கே வந்திருந்தார்கள்.

கட்டுரை இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது. டிலனுக்குப் பெரும் புகழ் தந்த ‘புளோயிங் இன் த விண்ட்’ பாடலை நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவன்தான் எழுதினான் என்ற வதந்தி அது. டிலன் மறுத்ததையும் இதழ் குறிப்பிட்டது, ஆனால் அந்த மறுப்பு வதந்தியைப் போல் பரவவில்லை. பெற்றோரையே இல்லையென்று சொன்னவர் பாட்டை மட்டும் நேர்மையாக எழுதியிருப்பாரா என்ற கேள்வி பலருக்குப் போதுமான சான்றாகிவிட்டது.

தேதிகளைப் பார்த்திருந்தால் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும். பாடல் 1962 மே மாதமே பிராட்சைடு என்ற சிற்றிதழில் அச்சாகியிருந்தது. மாணவன் அதைத் தன்னுடையதாகச் சொல்லிப் பாடிக்காட்டியது அதற்குப் பிறகு. 1974இல் அந்த மாணவரே முன்வந்து, தான் சொன்னது பொய் என்று அச்சில் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட 11 ஆண்டுகள் ஒரு கலைஞரின் மேல் திருட்டுப் பழி ஒட்டிக்கொண்டிருந்தது. இதில் வருத்தமானது இன்னொன்று. அந்தப் பாடலுக்கு உண்மையாகவே ஒரு கடன் உண்டு. அதன் மெட்டு, ‘நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்’ என்ற அடிமைக்காலக் கறுப்பினப் பாடலிலிருந்து பிறந்தது. அந்தப் பாடலையும் டிலன் 1962இல் கேஸ்லைட் காபி விடுதி மேடையில் பாடியிருக்கிறார். 1978இல் ஒரு பேட்டியில் இந்தக் கடனைத் தானே சொன்னார். இல்லாத திருட்டைத் துருவியவர்கள் இருந்த கடனைக் கேட்கவே இல்லை.

டிலனைப் பற்றி ரசிகர்கள் நடத்தி வரும் அறுபதாண்டு வழக்கின் போக்கு இதுதான். அவர் என்ன செய்தார் என்று தேடியபோதெல்லாம் அவர்கள் அரிய உண்மைகளைக் கண்டெடுத்தார்கள். ஏன் செய்தார் என்று மனத்துக்குள் நுழைந்து பார்க்க முயன்றபோதெல்லாம் தங்கள் ஆசைகளையும் ஏமாற்றங்களையுமே அங்கே கண்டார்கள்.

முதல் பெரிய ஏமாற்றம் அரசியலில் வந்தது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடையில், டிலன் பாடினார். டிசம்பர் 13 அன்று அவசரக் குடிமையுரிமைக் குழு அவருக்கு டாம் பெயின் விருது அளித்தது. கென்னடி கொல்லப்பட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. குடித்திருந்த டிலன், கொலையாளி ஆஸ்வால்டில் தன்னுடைய சாயல் கொஞ்சம் தெரிகிறது என்று மேடையில் சொல்லிவிட்டார். கூட்டம் கூச்சலிட்டது. பிறகு அவர் குழுவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அன்று குறைந்துபோன நன்கொடைக்கு ஈடுகட்டுவதாகவும் சொன்னார். அந்தப் பேச்சை நினைவில் வைத்தவர்களில் கடிதத்தை நினைவில் வைத்தவர்கள் சிலரே. 1964 நவம்பரில் சிங் அவுட் என்ற நாட்டுப்புற இசை இதழின் ஆசிரியர் அர்வின் சில்பர் டிலனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மக்களிடமிருந்து விலகிப் போகிறீர்கள், புகழின் பரிவாரம் உங்களைச் சூழ்ந்துவிட்டது என்பது அதன் சாரம். பாடல்களில் குறை சொல்லத் தொடங்கிய கடிதம் பாதி வழியில் குணத்தைக் குறை சொல்லும் கடிதமாகிவிட்டது.

1965 ஜூலை 25, நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழா. மைக் புளூம்ஃபீல்டின் மின்கிட்டாரும் அல் கூப்பரின் ஆர்கனும் துணைவர, டிலன் மூன்று பாடல்கள் பாடினார். கூட்டத்தில் ஆரவாரமும் எழுந்தது, எதிர்ப்புக் கூச்சலும் எழுந்தது. பிறகு தனிக் கிட்டாரோடு திரும்பி வந்து இரண்டு பாடல்கள் பாடிவிட்டு இறங்கினார். காசுக்காகத்தான் ராக் இசைக்குத் தாவினார் என்பது ஒரு கட்சி. தன் வழியில் வளர்ந்த கலைஞர் என்பது மறு கட்சி. கூச்சல் எதற்காக எழுந்தது என்பதிலேயே இன்றுவரை உடன்பாடு இல்லை. மின்னிசையைப் பொறுக்காதவர்கள் இருந்தார்கள். ஒலியமைப்பு மோசம் என்று கத்தியவர்கள் இருந்தார்கள். இத்தனை நேரம் காத்திருந்தும் இவ்வளவுதானா என்று கத்தியவர்களும் இருந்தார்கள். மூத்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் கோடரியால் ஒலிக் கம்பியை வெட்டப் போனார் என்ற கதை உலகம் முழுவதும் சுற்றியது. சீகர் பிற்காலத்தில் கொடுத்த விளக்கம் வேறு: ஒலி சிதைந்து சொற்கள் கேட்கவில்லை, அந்த ஆத்திரத்தில், கையில் கோடரி இருந்தால் வெட்டியிருப்பேன் என்று சொன்னதாகத்தான் கூறினார். எலைஜா வால்ட் 2015இல் எழுதிய நூல் இந்தச் சாட்சியங்களையெல்லாம் பொறுமையாக அடுக்கி, அன்றைய அரங்கில் ஒரே மனநிலை கொண்ட கூட்டம் இருந்ததாகச் சொல்ல முடியாது என்று காட்டுகிறது. இந்தத் துறையில் வந்த மிகச் சிறந்த நூல்களில் அது ஒன்று. டிலனின் மனத்தைப் படிக்க முயலாமல் அந்த மாலையைப் படித்ததே அதன் பலம்.

அடுத்த ஆண்டு மே 17 அன்று, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் அரங்கில், கூட்டத்திலிருந்து ஒரு குரல் “யூதாஸ்!” என்று எழுந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்த ஒருவரை நோக்கி எறிந்த சொல் அது. நீ சொல்வதை நம்பவில்லை, நீ பொய்யன் என்று டிலன் பதில் சொல்லிவிட்டு, சத்தத்தைக் கூட்டும்படி குழுவிடம் கூறி, ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பாடினார். கள்ளப்பதிவாக உலவிய அந்தக் கச்சேரியின் ஒலிநாடா லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பதிவானது என்று பல ஆண்டுகள் தவறாக நம்பப்பட்டது. அது மான்செஸ்டர்தான் என்று நிறுவியதில் ரசிகர்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1998இல் அதிகாரப்பூர்வ வெளியீடு வந்தபோதும் ராயல் ஆல்பர்ட் அரங்கின் பெயர் மேற்கோள் குறிகளுக்குள் தலைப்பில் இருந்தது. ஜேம்ஸ் மேன்கோல்டின் 2024ஆம் ஆண்டுத் திரைப்படம் ‘எ கம்ப்ளீட் அன்நோன்’ அந்த ஒற்றைச் சொல்லை நியூபோர்ட்டுக்கே இடம் மாற்றிவிட்டது. வருத்தப்பட்ட ரசிகர்கள் ஏராளம்; அவர்கள் வருத்தம் நியாயமானது.

ஏ.ஜே. வெபர்மனின் கதையை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோக்கத்தைத் தேடும் வெறி எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவரே சாட்சி. ‘டிலனியல்’ என்ற துறைப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். டிலனின் பாடல்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் ரகசியப் பொருள் உண்டு என்று நம்பி அகராதி தயாரித்தார், வகுப்பும் எடுத்தார். அந்தக் குறியீட்டின்படி டிலன் ஹெராயினுக்கு அடிமை, புரட்சிக்குத் துரோகி என்ற முடிவுக்கு வந்தார். 1970 வாக்கில் டிலன் மனைவி சாராவோடும் சிறு குழந்தைகளோடும் நியூயார்க் மெக்டூகல் தெருவில் குடியிருந்தார். அந்த வீட்டுக் குப்பைத் தொட்டியை வெபர்மன் கிளறத் தொடங்கினார். கிடைத்தவற்றில் குழந்தைகளின் அழுக்குத் துணிகள் இருந்தன. போதைமருந்தின் தடயம் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் முடிவு மாறவில்லை. டிலனின் 30ஆம் பிறந்தநாளையொட்டி வீட்டு வாசலில் ஆட்களைத் திரட்டி ஆர்ப்பாட்டம் நடத்தினார். அதே ஆண்டு தெருவில் டிலன் தன்னைப் பிடித்து அடித்ததாக வெபர்மனே எழுதியிருக்கிறார். 1971 டிசம்பரில் ஜான் லெனனும் யோகோ ஓனோவும் வேறு சிலரும் சேர்ந்து, டிலனிடம் வெபர்மன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வில்லேஜ் வாய்ஸ் இதழில் கடிதம் வெளியிட்டார்கள்.

வெபர்மன் செய்தது துன்புறுத்தல். அதற்கு ரசனை என்ற பெயர் பொருந்தாது. ஆனால் அவர் வாதத்தின் எலும்புக்கூட்டை நாகரிகமான ரசிகர்களிடமும் காணலாம்: பாட்டு ஒரு வாக்குமூலம், அதைச் சரியாகப் படித்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. 1975இல் வந்த ‘பிளட் ஆன் த டிராக்ஸ்’ ஆல்பத்தை முறிந்துகொண்டிருந்த திருமணத்தின் நாட்குறிப்பாகவே பெரும்பாலோர் கேட்டார்கள். டிலன் 2004இல் எழுதிய ‘கிரானிக்கிள்ஸ்’ நினைவுநூலில், தன் ஆல்பம் ஒன்று முழுவதும் செகாவின் சிறுகதைகளை அடிப்படையாகக் கொண்டது, விமர்சகர்கள் அதைத் தன்வரலாறு என்று எண்ணிக்கொண்டார்கள் என்கிறார். ஆல்பத்தின் பெயரைச் சொல்லவில்லை. அதையும் நம்பலாமா என்று ரசிகர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

1979இல் டிலன் கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்று ‘ஸ்லோ டிரெய்ன் கமிங்’ வெளியிட்டார். நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ வார்ஃபீல்டு அரங்கில் 14 கச்சேரிகள். பழைய பாடல் ஒன்றுகூட இல்லை. நடிப்பு, விளம்பரம், பித்து என்று பல விளக்கங்கள் வந்தன. 2017இல் அந்தக் காலப் பதிவுகள் தொகுப்பாக வெளிவந்த பிறகுதான் பலர் அந்தக் குரலின் தீவிரத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். 38 ஆண்டுத் தாமதம்.

2003இல் விவாதம் வேறு தளத்துக்கு நகர்ந்தது. 2001இல் வந்த ‘லவ் அண்ட் தெஃப்ட்’ ஆல்பத்தின் சுமார் 12 வரிகள், ஜூனிச்சி சாகா என்ற ஜப்பானிய மருத்துவர் யாகுசா எனப்படும் நிழலுலகத்தவர் ஒருவரின் வாழ்வைப் பற்றி எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஒத்திருந்தன. ஜப்பானில் வாழ்ந்த ஓர் அமெரிக்க ரசிகர் அந்த நூலைப் படிக்கும்போது கண்டுபிடித்தது இது. சாகா வழக்குப் போடவில்லை. மகிழ்ச்சியடைந்ததாகவே செய்தி வந்தது. 2006இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ வந்ததும், ஹென்றி டிம்ராட் என்ற அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கவிஞரின் சொற்றொடர்கள் அதில் இருப்பதை ஒரு வானொலித் தொகுப்பாளர் காட்டினார். அதே ஆல்பத்தில், நாடுகடத்தப்பட்ட ரோமானியக் கவிஞர் ஓவிடின் வரிகளும் உள்ளன. ஹார்வர்டின் செவ்வியல் பேராசிரியர் ரிச்சர்ட் தாமஸ், வெர்ஜில் ஹோமரிடமிருந்து எடுத்தாண்டதைப் போன்றதே இது என்று 2017இல் ஒரு நூலே எழுதினார். 2010இல் பாடகி ஜோனி மிட்செலோ டிலன் அசலே இல்லை, திருடர் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2012இல் ரோலிங் ஸ்டோன் பேட்டியில் இதைக் கேட்டபோது டிலன் கடுங்கோபம் கொண்டார். நாட்டுப்புற இசையிலும் ஜாஸிலும் எடுத்தாள்வது மரபு என்றவர், தன்னைக் குறை சொல்பவர்கள் அன்று யூதாஸ் என்று அழைத்தவர்களின் வழிவந்தவர்கள் என்றார்.

மரபு என்ற வாதம் பாடல்களுக்குப் பொருந்துகிறது. டிம்ராடின் சொல் டிலனின் பாட்டில் வேறு உயிர் பெறுகிறது. கேட்பவர் டிம்ராடைத் தேடிப் போகவும் முடிகிறது. 2011இல் நியூயார்க் ககோசியன் காட்சிக்கூடத்தில் வைத்த ‘ஆசியத் தொடர்’ ஓவியங்களுக்கு அது அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை. டிலனின் பயணங்களின் பதிவு என்று அவை அறிமுகமாயின. கார்ட்டியே பிரெசான் உள்ளிட்டோர் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து வரைந்தவை பல என்று ரசிகர்கள்தாம் ஒப்பிட்டுக் காட்டினார்கள். அவர்களில் பலர் அவரை நேசிப்பவர்கள். நேசத்தோடு சான்றையும் கையில் வைத்திருந்த அவர்களின் நேர்மை பாராட்டத்தக்கது.

2016 அக்டோபர் 13 அன்று இலக்கியத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. டிலன் இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. ஸ்வீடிஷ் அகாதமி உறுப்பினர் பெர் வேஸ்ட்பெரி அதை மரியாதைக் குறைவு, ஆணவம் என்றார். எதிர்ப்பு என்று மெச்சிய ரசிகர்களும் உண்டு. மாத இறுதியில், பரிசுச் செய்தி கேட்டுப் பேச்சே எழவில்லை என்று டிலன் தெரிவித்தார். ஒரு மௌனத்துக்குள் இத்தனை பேர் இத்தனை குணங்களை ஊற்றி நிரப்பினார்கள்.

பணத்தைப் பற்றிய சண்டை தனி. 1965 டிசம்பரில் ஒரு நிருபர், எந்த வணிகத்துக்கு விலைபோவீர்கள் என்று கேட்டதற்குப் பெண்களின் ஆடைகளுக்கு என்று டிலன் பதில் சொல்லியிருந்தார். 2004இல் விக்டோரியாஸ் சீக்ரெட் உள்ளாடை விளம்பரத்தில் தோன்றினார். 2020 டிசம்பரில் 600க்கு மேற்பட்ட பாடல்களின் உரிமையை யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றார். இவற்றில் யாருக்கும் தீங்கில்லை. உழைத்து எழுதியதை விற்க அவருக்கு முழு உரிமை உண்டு. 2022இல் நடந்தது அப்படியல்ல. ‘த ஃபிலாசபி ஆஃப் மாடர்ன் சாங்’ நூலின் கையொப்பப் பிரதிகள் 599 டாலருக்கு விற்கப்பட்டன. அவர் கையாலேயே போட்டது என்ற உறுதிச் சீட்டும் கூடவே வந்தது. வாங்கியவர்கள் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். கையெழுத்துகள் அச்சாக ஒத்திருந்தன: எந்திரம் போட்டவை. பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது. 2019 முதல் தலைசுற்றல் இருந்தது, பெருந்தொற்றுக் காலத்தில் உதவியாட்களை அழைக்க முடியவில்லை, செய்தது தவறு என்று டிலன் அறிக்கை விட்டார். இங்கே ரசிகர்கள் யாருடைய மனத்தையும் ஊகிக்கவில்லை. பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவே. அறுபதாண்டில் டிலன் தன் ரசிகர்களிடம் இவ்வளவு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது அரிது.

டிலனின் கையெழுத்துப் பிரதிகளையும் பதிவுகளையும் 2016இல் ஜார்ஜ் கைசர் குடும்ப அறக்கட்டளையும் டல்சா பல்கலைக்கழகமும் விலைக்கு வாங்கின. 2022 மே மாதம் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் பாப் டிலன் மையம் திறக்கப்பட்டது. அங்கே ‘டிக்னிட்டி’ என்ற ஒரே பாடலுக்கு நாற்பது பக்கங்களுக்கு மேல் வரைவுகள் இருக்கின்றன. அவ்வளவு பாடுபட்டு எழுதிய அந்தப் பாடலை 1989இல் ‘ஓ மெர்சி’ ஆல்பத்தில் டிலன் சேர்க்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் வெளியிட்டார். ஏன் விட்டார் என்று வாதாடுபவர்கள் இப்போது அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எந்த வரி எப்போது விழுந்தது, எது அடிக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.