ஸன்ஜ் கிளர்ச்சியும் அப்பாசியரின் அரசியல் நிலைபேறும்: தபரியின் வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

கி.பி. 869 முதல் 883 வரை தென் ஈராக்கில் நிகழ்ந்த ஸன்ஜ் கிளர்ச்சி, அப்பாசியப் பேரரசின் நிலைபேற்றைக் குலைத்த நிகழ்வாகப் பொதுவாகச் சுட்டப்பெறுகிறது. இக்கருத்தின் பொருத்தப்பாட்டை, தலையாய சான்றாகிய தபரியின் (839–923) வரலாற்று நூல்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

காரணமும் விளைவும்

கலீஃபா முதவக்கில் 861இல் தம் துருக்கியப் படையினராலேயே கொல்லப்பட்டார். 870ஆம் ஆண்டிற்குள் நால்வர் அடுத்தடுத்து ஆட்சி ஏற்றனர். அவருள் மூவர் கொலையுண்டனர். இக்குழப்பத்தின் இறுதிக்கட்டத்திலேயே, பஸ்ராவை அடுத்த உவர்நிலங்களில் உழைத்த கறுப்பின அடிமைகளை அலீ இப்னு முஹம்மத் திரட்டினார். எனவே கிளர்ச்சி நிலைகுலைவின் தோற்றுவாய் அன்று. அதன் விளைவே எனலாம். 871இல் பஸ்ரா சூறையாடப்பட்ட பின்னரும் அரசால் முழுவலிமையையும் அங்குச் செலுத்த இயலவில்லை. கிழக்கிலிருந்து சஃப்பாரியரான யஃகூப் 876இல் பாக்தாதை நோக்கிப் படைநடத்தியது அதற்கொரு காரணம்.

ஆயினும் விளைவே மீண்டும் காரணமாயிற்று. போரை நடத்திய முவஃப்பக்கிடம் அதிகாரம் குவிந்தது. அவர்தம் உடன்பிறந்தாராகிய கலீஃபா முஃதமித் பெயரளவிலேயே ஆண்டார். 882இல் கலீஃபாவே எகிப்தின் ஆட்சியாளர் இப்னு தூலூனிடம் செல்ல முயன்று தடுக்கப்பட்டார். 892இல் அரியணை ஏறியவர், இப்போரில் படைநடத்திய முவஃப்பக்கின் மகன் முஃததித் ஆவார்.

தபரியின் நோக்கு

தபரி கிளர்ச்சித் தலைவரை இறைவனின் பகைவன் என்றே பழிக்கிறார். ஆனால் அவர் தரும் செய்திகளுட் பல, கிளர்ச்சியாளருடன் இருந்த முஹம்மத் இப்னு அல்ஹஸன் வழி வந்தவை. பழிச்சொல்லும் உள்ளிருந்தோர் சான்றும் ஒரே நூலில் முரணி நிற்கின்றன. போபோவிக் (1976) இதனை அடிமைகளின் கிளர்ச்சி எனக் கொள்ள, ஷாபான் (1976) அதனை மறுத்தார். தபரியின் நூலோ இரண்டிற்கும் இடம் தருகிறது. திரண்டோர் அடிமைகள், தலைவர் அடிமையல்லர். தம்மைப் பின்பற்றுவோரைப் பொருளுக்கும் அடிமைகளுக்கும் உரிமையாளராக்குவதாக அவர் வாக்களித்ததையும் தபரி பதிவு செய்துள்ளார். அடிமைமுறையை ஒழிப்பது அக்கிளர்ச்சியின் நோக்கமன்று என்பது இதனால் புலப்படும்.

முடிவுரை

883இல் கிளர்ச்சியாளரின் தலைநகர் முக்தாரா வீழ்ந்தது, அரசு எஞ்சியது. எஞ்சிய அரசில் ஆணை கலீஃபாவிடமிருந்து படைத்தலைமைக்கு மாறியிருந்தது. நிலைபேறு என்பதை அரசமரபின் நீட்சியாக மட்டும் அளப்போர்க்கு இம்மாற்றம் புலனாகாது. மேலும், உவர்நிலத்தில் உழைத்தோர் தாமே எழுதிய ஒரு வரியும் கிடைக்காத நிலையில், தபரியின் பழிச்சொற்களுக்கு இடையே அவர்தம் வாழ்வைத் தேடுவதே ஆய்வாளர்க்குரிய கடனாகும்.