ஆசிரியருக்காக அச்சிடப்பட்டது

1811 அக்டோபர் 30ஆம் தேதி லண்டனில் ஒரு காதல் நாவல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. விலை 15 ஷில்லிங். முகப்புப் பக்கத்தில் எழுதியவரின் பெயர் இல்லை. ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டும் இருந்தது. அதன் கீழே, ஆசிரியருக்காக ரோவர்த் அச்சிட்டது, எகர்ட்டன் வெளியிட்டது என்று கண்டிருந்தது. பெயரை மறைத்துக்கொண்டவர், செலவு தன்னுடையது என்பதை மறைக்கவில்லை. காகிதம், அச்சுக்கூலி, விளம்பரம் எல்லாம் அவர் பொறுப்பு. விற்றால் பதிப்பாளர் தன் கழிவை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். விற்காவிட்டால் நஷ்டம் முழுவதும் எழுதியவருக்கே. அப்படி வரக்கூடிய நஷ்டத்துக்கென்று ஜேன் ஆஸ்டின் தன் சொற்ப வருமானத்திலிருந்து முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தார் என்று அண்ணன் ஹென்றி பிற்பாடு எழுதினார். அந்த நாவல் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. நம்மில் பலர் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் பார்த்த சகோதரிகளின் மூலக்கதை.

ஆஸ்டினின் காதலர்களைப் பற்றி இரண்டு நூற்றாண்டாகப் பேசுகிறார்கள். எனக்கு அவர் வேலை பார்த்த விதத்தில்தான் தீராத ருசி. மேலே ஒருவர் நின்று இதை மாற்று, அதை வெட்டு என்று சொல்லாத நிலையில், தன் காசையும் தன் தீர்ப்பையும் மட்டும் நம்பிய ஒரு கை எவ்வளவு நுணுக்கமாக இயங்கியது என்பதை அவருடைய கடிதங்களிலும் கைப்பிரதிகளிலும் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

1811 ஏப்ரலில் லண்டன் ஸ்லோன் தெருவில் ஹென்றியின் வீட்டில் தங்கி ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’க்கு மெய்ப்பு பார்க்கிறார். அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதும் கடிதத்தில், திருத்திய தாள்கள் கதைமாந்தரில் ஒருவனான வில்லோபி முதன்முதலாக வரும் இடம்வரை வந்திருக்கின்றன என்கிறார். கூடவே ஒரு கவலை: பாத்திரங்களின் வருமானங்கள் பழையபடியே இருக்கின்றன, முடிந்தால் அவற்றை மாற்றிவிட வேண்டும். காதல் கதை எழுதுகிறவருக்கு இது என்ன கவலை என்று தோன்றலாம். அந்த நாவலில் மரியான், நிம்மதியாக வாழ ஆண்டுக்கு 1800 முதல் 2000 பவுண்டு போதும், அதற்குமேல் ஆசையில்லை என்கிறாள். அக்கா எலினார் சிரித்துவிட்டு, 1000 பவுண்டே தனக்குப் பெருஞ்செல்வம் என்கிறாள். பணத்தை வெறுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் தங்கை, பணத்தைப் பொருட்படுத்தும் அக்காவைவிட இரு மடங்கு கேட்கிறாள். இரண்டு குணங்களும் இரண்டு எண்களில் அடங்கிவிட்டன. எண் பிசகினால் ஆளே பிசகிவிடுவாள்.

‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ எழுதியபோதும் இதே கண்டிப்புதான். நார்தாம்டன்ஷயரில் வயல்களுக்கு வேலிச்செடி வரிசைகள் உண்டா என்று விசாரிக்கிறார். ஒரு பயண நூலைப் படிக்கையில் ஜிப்ரால்டரில் ஆளுநர் மாளிகை கிடையாது என்று தெரியவருகிறது. உடனே ‘கமிஷனர் வீடு’ என்று மாற்ற முடிவு செய்கிறார். நாவலில் அது வரும் இடம் எது தெரியுமா? கடற்படையில் இருக்கும் வில்லியம், ஜிப்ரால்டர் பெண்களின் சிகை அலங்காரத்தைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லும் ஒரு பேச்சு. வாசகர் எவரும் நின்று பார்க்காத இடம். அங்கேயும் ஒரு பொய்க் கட்டடம் நிற்கக்கூடாது அவருக்கு. இவ்வளவு பார்த்தவர் ‘எம்மா’வில் நடுக்கோடையில் ஆப்பிள் மரங்களைப் பூக்க வைத்துவிட்டார், எங்கே கிடைத்தன இந்த மரங்கள் என்று அண்ணன் எட்வர்ட் கேலி செய்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள்.

1813 மே மாதத்துக் கடிதம் ஒன்று இன்னும் இனிமை. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ வெளிவந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. லண்டனில் ஓர் ஓவியக் காட்சிக்குப் போகிறார். படங்களில் தன் கதை மாந்தரைத் தேடுகிறார். திருமதி பிங்லி கிடைத்துவிடுகிறாள்: வெள்ளை கவுன், பச்சை அணிகள். பச்சை அவளுக்குப் பிடித்த நிறம் என்று தான் எப்போதுமே எண்ணியிருந்ததாக எழுதுகிறார். நாயகி திருமதி டார்சி மஞ்சளில் இருப்பாள் என்று தேடினால், எந்தக் காட்சியிலும் அவள் இல்லை. மனைவியின் படத்தை ஊரார் கண்ணில் பட வைக்க டார்சிக்கு மனம் வராது என்று காரணமும் கண்டுபிடித்துவிடுகிறார். புத்தகம் முடிந்த பிறகும் டார்சியின் காதல் எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாவலில் எங்குமே வராத மஞ்சள் நிறம் ஒன்று அவர் மனதில் தயாராக இருந்திருக்கிறது!

அந்த நாவலின் உரிமையை 110 பவுண்டுக்கு எகர்ட்டனிடம் விற்றார், விரும்பியது 150. அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பு வந்தபோது அவருக்கு ஒரு பென்னியும் கிடைக்கவில்லை. பிறகு அவர் எந்த நாவலின் உரிமையையும் விற்கவில்லை. ‘எம்மா’வுக்கும் முந்தைய இரு நாவல்களின் உரிமைக்கும் சேர்த்துப் பதிப்பாளர் ஜான் மர்ரி 450 பவுண்டு தர முன்வந்தபோதும் மறுத்து, சொந்தப் பொறுப்பிலேயே வெளியிட்டார். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ இரண்டாம் பதிப்பின் நஷ்டத்தைக் கழித்துக்கொண்டு ‘எம்மா’வின் முதல் லாபமாக வந்தது 38 பவுண்டு 18 ஷில்லிங். கடைசிக் காலத்தில் அவர் எழுதிவைத்த கணக்குச் சீட்டு ஒன்று நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அரசுக் கடன்பத்திரத்தில் போட்ட 600 பவுண்டு நீங்கலாக நாவல்களில் வந்த லாபம் என்று தலைப்பிட்டு, அதன் கீழே நான்கே வரவுகள். இந்த 38 பவுண்டும் அதில் ஒன்று. பெருமூச்சு இல்லை, புகார் இல்லை. ஷில்லிங் வரை சுத்தமான கணக்கு.

சாட்டன் கிராமத்து வீட்டில் அவர் எழுதியது பன்னிரண்டு பக்கம் கொண்ட ஒரு சின்ன வால்நட் மேசையில். காலைச் சிற்றுண்டி அவர் பொறுப்பு. தேயிலை, சர்க்கரை இருப்பும் அவர் கையில். மற்ற வீட்டு வேலைகளைக் கசாண்ட்ராவும் தோழி மார்த்தா லாயிடும் பார்த்துக்கொண்டதால்தான் எழுத நேரம் கிடைத்தது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

முடிக்காமல் விட்ட ‘த வாட்சன்ஸ்’ கைப்பிரதியின் பெரும்பகுதி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. ஓரம் விடாமல் நெருக்கி எழுதிய தாள்கள். ஒரு பகுதி பிடிக்கவில்லையென்றால், புதிதாக எழுத எவ்வளவு இடம் வேண்டுமோ அந்த அளவுக்கு ஒரு துண்டுக் காகிதத்தை வெட்டி, நிரப்பி, பழையதன் மேல் குண்டூசியால் குத்தியிருக்கிறார். தையல் தெரிந்த கை. அளவு பார்த்து ஒட்டுப்போடுகிறது.

இதெல்லாம் சேர்ந்து உச்சம் தொடும் இடம் ‘பர்சுவேஷன்’. 1816 ஜூலையில் அதை முடித்துவிட்டார். உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது; மார்ச்சில் ஹென்றியின் வங்கி திவாலாகியிருந்தது. முடிவு சப்பென்று இருக்கிறது என்று அவருக்கே தோன்றியது. வேறு யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆகஸ்ட் 6க்குள் முடிவுப் பகுதியைத் திருப்பி எழுதினார்.

பழைய வடிவில், நாயகி ஆனும் கேப்டன் வென்ட்வொர்த்தும் எட்டரை ஆண்டுப் பிரிவுக்குப் பின் சேர்வதற்கு அட்மிரல் கிராஃப்ட் என்ற மூன்றாமவர் வேண்டியிருக்கிறது. ஆன் வேறொருவரை மணக்கப்போகிறாளா என்று கேட்டுவரச் சொல்கிறார் அவர். வென்ட்வொர்த் சங்கடத்தோடு கேட்கிறான், அவள் மறுக்கிறாள், பார்வைகள் சந்திக்கின்றன, தீர்ந்தது. மோசமில்லை. ஆனால் காதல் அடுத்தவர் ஏவலில் வந்து நிற்கிறது.

புதிய வடிவில் பாத் நகர விடுதியொன்றின் அறை, நிறைய ஆட்கள். வென்ட்வொர்த் மேசையில் யாருக்காகவோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். சன்னலோரம் ஆனும் கேப்டன் ஹார்வில்லும், ஆணா பெண்ணா யார் நீண்ட நாள் நேசிப்பவர் என்று வாதாடுகிறார்கள். சின்னதாக ஒரு சத்தம்: வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்திருக்கிறது. அவன் தான் நினைத்ததைவிட அருகில் இருக்கிறான் என்று ஆன் அப்போதுதான் உணர்கிறாள். வாதம் தொடர்கிறது. புத்தகங்களைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், பேனா ஆண்களிடம்தானே இருந்துவந்திருக்கிறது என்கிறாள். சற்று முன் ஓர் ஆணின் கையிலிருந்து விழுந்ததும் பேனாதான். ஆஸ்டின் இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். வென்ட்வொர்த் போய்விட்டு, கையுறையை மறந்ததாகச் சொல்லித் திரும்பி வருகிறான். சிதறிய காகிதங்களுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை உருவி அவள் முன் வைத்துவிட்டு மறைகிறான். மேலே அவளுடைய பெயரின் முதலெழுத்துகள், சரியாகப் படிக்க முடியாத கிறுக்கலில். இப்போது யார் ஏவலும் இல்லை. அவள் பேசினாள், அவன் கேட்டான்.

நாவல் 1817 டிசம்பரில், ஆஸ்டின் இறந்து ஐந்து மாதம் கழித்து வெளிவந்தது. அவர் முடித்து அச்சேறிய நாவல்களில் எதற்கும் முழுக் கைப்பிரதி மிஞ்சவில்லை. வேண்டாமென்று ஒதுக்கிய இந்த முடிவுப் பகுதி மட்டும் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ‘பர்சுவேஷன்’ பதிப்புகள் பலவற்றில் பின்னிணைப்பாகவும் கிடைக்கிறது. அதை முதலில் படித்துவிட்டு, பிறகு விடுதி அறைக்குள் நுழையுங்கள்.