அக்கரைக்குப் போகும் பேட்டரி வீல்சேர்

தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஜூலை 26-ஆம் தேதி கொடியேறியதும் நீர்கொழும்பு, கொழும்புப் பக்கத்துப் பரதர் குடும்பங்கள் வந்து சேரத் தொடங்கும். ஆகஸ்ட் 15-இல் இலங்கையின் மடு மாதா திருவிழாவுக்கு இங்கிருந்து போகிறவர்களும் உண்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்பு மெயில் கப்பல் நம் துறையிலிருந்துதான் கிளம்பியது. 2011 ஜூனில் மறுபடி ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். நவம்பரிலேயே அது நின்றுபோனது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடினாலும், முத்துக்குளித்துறைக்காரருக்கு இன்று நடைமுறையில் விமானமே வழி.

இப்படிப் போய்வருகிறவர்களில் நடக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்த பெரியவர்கள், சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர்கள், அக்கரையில் போரில் காயம்பட்டவர்கள். கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் சங்கெடுக்கப் போய், சட்டென்று மேலே வந்ததால் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த குளிகாரர்களும் இவர்களில் அடக்கம். பேட்டரி வீல்சேர் இவர்களுக்குக் கால் மாதிரி. அந்தக் காலை விமானத்தில் எப்படிக் கொண்டுபோகிறார்கள், இரு நாடுகளிலும் அது எங்கே வேறுபடுகிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பேட்டரி விதியில் வேறுபாடு இல்லை. உலக அளவில் வகுத்த விதியைத்தான் இரு நாட்டு விமானங்களும் பின்பற்றுகின்றன. கழற்றுவதற்கென்றே அமைந்த லித்தியம் பேட்டரியானால் அதைக் கழற்றி, முனைகளை மூடி, கையோடு கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். ஒரே பேட்டரி என்றால் 300 வாட்-மணிக்குள், இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். நாற்காலியோடு உறுதியாகப் பொருத்திப் பாதுகாத்த பேட்டரிக்கு இந்த வரம்பு கிடையாது. அது நாற்காலியோடு சரக்கறைக்குப் போகும். கசியாத ஜெல் பேட்டரியும் அப்படியே. எங்கே வைத்திருக்கிறது என்று விமானிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவார்கள்.

கணக்கு எளியது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேட்டரி 288, கேபினுக்குள் போகலாம். அதே 24 வோல்ட்டில் 20 ஆம்பியர்-மணி என்றால் 480, போக முடியாது. கடைக்காரர் ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான் சொல்வார். பறக்க நினைக்கிறவர்கள் வாங்கும் அன்றே வாட்-மணியைக் கேட்டு, பேட்டரியின் மேல் அது அச்சாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

உண்மையான சிக்கல் விமானத்தின் அளவில் தொடங்குகிறது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26-இல் திறந்த புதிய முனையம் 17,340 சதுர மீட்டர். ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. ஆனாலும் இங்கே நாம் பெரும்பாலும் ஏறுவது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம்தான். ஏரோபிரிட்ஜ் வழக்கமாக அதற்குப் பொருந்தாது. பயணிகள் பின்பக்கக் கதவில் படியேற வேண்டும். நடக்க முடியாதவரைச் சாய்தளத்தில் தள்ளியோ, ஒடுக்கமான நாற்காலியில் வைத்துத் தூக்கியோ ஏற்றுவார்கள். பலாலியிலும் இதே கதைதான். 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக அது திறந்ததிலிருந்து, சென்னையிலிருந்தும் 2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்தும் அங்கே போய்வருவது ஏடிஆர்தான்.

ஆனால் இந்தச் சின்ன விமானத்தில் ஒரு நன்மை உண்டு. அதன் சரக்கறை முன்பக்கம், பயணிகள் தளத்திலேயே இருக்கிறது. கதவு ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம். நாற்காலியை நிமிர்ந்தபடியே ஏற்றலாம். போயிங் 737-இன் சரக்குக் கதவோ 90 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஏர்பஸ் ஏ320-இல் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர். முதுகுப்பகுதி மடங்காத நாற்காலி 737-க்குள் பெரும்பாலும் படுத்தபடிதான் போகும். அப்படிப் படுக்கவைத்தால் ஜாய்ஸ்டிக் உடைய வாய்ப்பு அதிகம். ஏடிஆரில் பாரம்தான் பிரச்சினை. ஈய பேட்டரி நாற்காலி 80 கிலோ இருந்தால், தரையிலிருந்து நாலடி உயரத்துக்குப் பணியாளர்கள் கையாலேயே தூக்க வேண்டிவரும். எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடிப்பார்கள், அது பிய்ந்துவரும். டிக்கெட் எடுக்கும்போதே எந்த விமானம், சரக்குக் கதவு எவ்வளவு உயரம் என்று விமான நிறுவனங்கள் தாமாகவே சொல்ல வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

அடுத்து, யாருடைய கை. இந்தியாவில் வீல்சேர் உதவிக்கு அந்தந்த விமான நிறுவனம்தான் பொறுப்பு. தூத்துக்குடியிலிருந்து சென்னை ஒரு நிறுவனம், அங்கிருந்து கொழும்பு இன்னொரு நிறுவனம் என்றால் பேட்டரிக் கதையை இரண்டு முறை சொல்ல வேண்டும். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் எல்லா விமானங்களுக்கும் தரைப்பணி செய்வது ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ்தான். ஆஸ்திரேலியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் கனத்த நாற்காலிகளை அதே ஆட்கள் கையாள்கிறார்கள். அந்தக் கைப்பழக்கம் பெரிய விஷயம். மாற்று இல்லாதது அதன் மறுபக்கம்.

சட்டத்திலும் இரு நாடுகள் வேறு வேறு வாசலில் இருந்து நுழைந்திருக்கின்றன. இலங்கையில் போராட்டம் கட்டடத்தில் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டமும் 2006-இன் அணுகல் விதிகளும் காகிதத்தில் இருந்தபோது, கலாநிதி அஜித் பெரேரா உச்ச நீதிமன்றம் போனார். கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992-இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்ததில் நடக்கும் திறனை இழந்தவர். 2011 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பொதுக் கட்டடங்களுக்கு அணுகல் வசதியைக் கட்டாயமாக்கியது. சாய்தளம், கழிப்பறை, கதவின் அகலம் எல்லாம் அங்கே உரிமையானது இந்த ஒரு மனிதரின் விடாப்பிடியால்.

இந்தியாவில் வழக்கு விமானத்துக்குள்ளேயே பிறந்தது. மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2022 மே மாதம் ராஞ்சியில் ஒரு சிறுவனை ஏற்ற மறுத்த இண்டிகோவுக்கு 5 லட்சம் அபராதம். ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, பயணத்தில் உடல்நிலை கெடும் என்று சந்தேகம் வந்தால் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அதே ஆண்டு விதியைத் திருத்தினார்கள். சொந்த நாற்காலியிலேயே போகலாம் என்பதும் அந்த விதிமுறைகளில் இருக்கிறது.

இருந்தும் வாசலிலேயே, “இதை இங்கே கொடுத்துட்டு நம்ம வீல்சேர்ல உட்காருங்க” என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர் மெத்தையில்லாத ரெக்சின் நாற்காலியில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் அழுத்தப்புண் வரும். வந்த புண் ஆறப் பல மாதங்கள் ஆகும். அதனால் ஏடிஆரோ ஏர்பஸ்ஸோ, விமானக் கதவு வரை சொந்த நாற்காலி என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இருக்கை மெத்தையை நாற்காலியோடு சரக்கறைக்கு அனுப்பாமல் கையில் எடுத்து விமான இருக்கையில் போட்டுக்கொள்ள வேண்டும். இலங்கைச் சட்டத்தின் கட்டட அக்கறையும் இந்தியச் சட்டத்தின் விமான அக்கறையும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் இவருக்கு முழுப் பயணம் கிடைக்கும்.

நாற்காலி உடைந்தால்? சட்டத்தின் பார்வையில் அது வெறும் லக்கேஜ். இந்திய உள்நாட்டுப் பயணத்தில் லக்கேஜுக்கு இழப்பீட்டு வரம்பு 20,000 ரூபாய். நாடு விட்டு நாடு போகும் பயணத்தில் மொன்றியல் உடன்படிக்கைப்படி 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு). நம் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இரு நாடுகளும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. தூத்துக்குடி–சென்னையைத் தனி டிக்கெட்டாக எடுத்தால் அந்தப் பகுதியில் 20,000 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. கொழும்பு வரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் முழுப் பயணமும் சர்வதேசக் கணக்கில் வரும். நாற்காலியின் விலை இதையும் தாண்டினால், செக்-இன் கவுன்டரில் மதிப்பைத் தனியாக அறிவிக்க உடன்படிக்கை இடம் தருகிறது. அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கலாம்.

புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே நாற்காலியின் நீளம், அகலம், உயரம், எடை, பேட்டரி வகை ஆகியவற்றை விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியின் முதுகில் ஓர் அட்டை கட்டுங்கள். மோட்டாரை விடுவிக்கும் லீவர் எங்கே, பிடித்துத் தூக்க வேண்டிய இடம் எது, பேட்டரி இணைப்பை எப்படித் துண்டிப்பது என்று படத்தோடு அதில் எழுத வேண்டும். வாகைக்குளத்தில் தூக்குகிறவருக்குத் தமிழ், கட்டுநாயக்கவில் இறக்குகிறவருக்குச் சிங்களம், நடுவில் இருக்கிறவர்களுக்கு ஆங்கிலம்.