743 பேரும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

கருக்கலைப்புச் சட்டம் பற்றிக் கொழும்பு திம்பிரிகஸ்யாயப் பிரிவில் 743 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பை ஆசிரியர் ஓய்வறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் எட்டிப்பார்த்தார். "இதில வாசிக்க என்ன கிடக்கு சேர்? ஹராம். முடிஞ்சுது."

முடியவில்லை. தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே நமது தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு கருக்கலைப்பை அனுமதிக்கிறது. 1883இல் வந்த சட்டம். அதைச் சரியாகத் தெரிந்திருந்தவர்கள் கணிப்பில் 11 வீதம்தான். வல்லுறவால் உண்டான கருவைக் கலைக்க அனுமதிக்கலாம் என்றவர்கள் ஏறத்தாழ 65 வீதம். கேட்டவுடன் அனுமதி என்பதை ஏற்றவர்களோ 4 வீதமளவில். இந்த இடைவெளிதான் என்னை நிறுத்தியது. சனம் காரணத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறது. நமது புகஹாக்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதானே?

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் கருவைக் கலைப்பது தொடக்கத்திலேயே குற்றம் என்கிறார். ஆனால் கரு வளர வளரக் குற்றமும் கனக்கிறது என்று படிப்படியாகப் பிரிக்கிறார். ரூஹ் ஊதப்படும் 120ஆம் நாள் நமக்குப் பெரிய எல்லை. அதற்கு முன், கடுமையான, குணப்படுத்தவியலாத ஊனத்தை நம்பகமான வைத்தியர் குழு உறுதிசெய்தால் பெற்றோர் விருப்பத்தோடு கலைக்கலாம் என 1990இல் மக்காவின் பிக்ஹ் சபை முடிவெடுத்தது.

கணிப்பில் எனக்குள்ள குறை இங்கேதான். காரணத்தைக் கேட்டார்கள், நாளைக் கேட்கவில்லை. ஒரு முஸ்லிமிடம் நாளைக் கேட்காமல் இந்தக் கேள்வியைக் கேட்பது அரைக்கேள்வி. தவிர, கொழும்பு நகரத்துப் பதிலை வைத்து யாழ்ப்பாணத்தைச் சொல்லவும் முடியாது. 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிவந்த எங்கள் குடும்பங்களிடம் யார் கேட்டார்கள்?

அமெரிக்காவில் பியூ நிறுவனம் 2014இல் கேட்டபோது, அங்குள்ள முஸ்லிம்களில் 55 வீதமளவில் எல்லா அல்லது பெரும்பாலான சந்தர்ப்பங்களிலும் சட்டம் அனுமதிக்கலாம் என்றார்கள். அதை ஹலால் என்றார்கள் என்று எடுத்தால் பிழை. மார்க்கத் தீர்ப்பு வேறு, மற்றவர்மேல் சட்டம் போடுவது வேறு.

2017இல் வல்லுறவு, கடும் ஊனம் ஆகிய இரண்டுக்கும் சட்டத்தைத் தளர்த்தும் முயற்சி வந்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், நம் தரப்பும் எதிர்த்தது. முயற்சி கிடப்பில் போனது. எதிர்க்க உரிமை உண்டு. ஆனால் கஸ்ஸாலியின் படிகளில் ஒன்றையாவது நம் ஆட்கள் மேடையில் சொன்னதை நான் கேட்கவில்லை. என் நண்பரின் ஒற்றைச் சொல்தான் கேட்டது.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இரண்டாம் முறை கர்ப்பமானாள். ஸ்கேனில் சிசுவுக்கு மண்டையோடு உருவாகவில்லை என்றார்கள். 120 நாளாக ஒன்றரைக் கிழமை இருந்தது. "மார்க்கத்தில இடமிருக்கா சேர்?" என்று உம்மா வந்து கேட்டா. மௌலவியிடம் கூட்டிப்போனேன். அவர் கிதாபைப் புரட்டி, நிதானமாக, இடமிருக்கு என்றார். சட்டத்தில் இடமில்லை என்று வைத்தியர் சொன்னார். பிள்ளை மாதம் நிறையும் வரை சுமந்தாள். அஸருக்குப் பிறந்தது, மஃரிபுக்கு முன் அடக்கினோம்.