மீன் பிடிக்கச் சில டிப்ஸ்

மீன் பிடிப்பது எப்படி என்று புத்தகம் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. நிஜமாகவே மீன் சிக்குகிற மடு தெரிந்தவன் அதைப் பக்கத்து வீட்டுக்காரனிடமே சொல்லமாட்டான். அச்சடித்தா விற்பான்?

விதிவிலக்காக ஒருத்தர் இருக்கிறார். ஹென்றி சல்லிவன் தாமஸ். மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர். தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். 1873-ல் மங்களூரில் அச்சான அவருடைய 'தி ராட் இன் இண்டியா', அந்தக் காலத்து துரைமார்களுக்குத் தூண்டில் வேதம். 1897-க்குள் மூன்று பதிப்புகள். ஆறு இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டவர்களுக்காக 1887-ல் 'டேங்க் ஆங்லிங் இன் இண்டியா' என்று ஏரி, குளங்களுக்குத் தனியாக ஒன்று எழுதினார். காப்பிரைட் தீர்ந்துபோனதால் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. மீன் வாசனையே ஆகாதவர்கள்கூடப் படிக்கலாம்.

தாமஸிடம் எனக்குப் பிடித்தது, மிரட்டாமல் சொல்லித்தருவது. எந்த மீனுக்கு என்ன இரை, என்ன முள், கனத்த மீன் இழுக்கும்போது பதறாமல் எப்படி நூல் விடுவது என்று, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதுகிறார். எடைக்கு எடை பார்த்தால் நம்ம ஊர் மஹசீர் இங்கிலாந்து சால்மனைவிட நன்றாகப் போராடும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். சீமைச் சரக்குதான் உசத்தி என்றிருந்த காலத்தில் அதற்குத் தைரியம் வேண்டும்.

சரி, இந்த டிப்ஸெல்லாம் இன்றைக்கு உதவுமா? தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் இருக்கும் இண்டூர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தாமஸின் இரண்டு புத்தகமும் பொருந்தும். பக்கத்தில் ஏரி. அதே ரோட்டில் இன்னும் போனால் ஒகேனக்கல், காவிரி. ஏரிக்கரையில் குச்சி, தங்கூசி, மண்புழுவோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் தாமஸ் புராணத்தை எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மீனு இருந்தா மாட்டும் சார். இல்லாத மீனுக்கு என்ன எரை வெச்சி என்னா பண்றது?"

அவர் பையில் இருந்தது உள்ளங்கை அகல ஜிலேபி. தாமஸ் இந்தியாவில் பார்த்திருக்கவே முடியாத மீன். திலேபியா என்ற பெயரில் இது இங்கே வந்தது 1952-ல்தான்.

பெரியவர் கேட்ட கேள்வி தாமஸுக்கும் தெரிந்திருக்கிறது. புத்தகத்தின் முழுத் தலைப்பைப் பாருங்கள், ரயில் பெட்டி மாதிரி நீளம். விளையாட்டுக்கான குறிப்புகள், மீன்களின் இயற்கை வரலாறு, வளர்ப்பு என்று போய் 'வேல்யூ'வில் முடிகிறது. பி.காம். படித்தவன் கண்ணில் அந்த வார்த்தைதான் முதலில் படும். மீன் என்பது ஜனங்களின் சாப்பாடு, குஞ்சிலேயே வாரினால், ஆற்றில் விஷத்தைக் கலந்தால் முதலே கரைந்துவிடும் என்பது அவர் வாதம். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் கொல்வதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது. அவரை மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கில் நச்சரித்ததற்கு அதில் பங்குண்டு.

ஆனால் தாமஸின் லெட்ஜரில் ஒரு கோளாறு. பற்று முழுக்கக் கிராமத்தான் வலை மேல் எழுதுகிறார். துரையின் தூண்டில் எப்போதும் வரவுப் பக்கம். வயிற்றுக்குப் பிடிப்பவன் குற்றவாளி, பொழுதுபோக்குக்குப் பிடிப்பவன் காவலன். மீனுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்ன?

'வளர்ப்பு' என்று அவர் நம்பிய வைத்தியமும் காவிரியில் கோணலாகத்தான் போயிற்று. முதுகு கூன் போட்ட பெரிய மஹசீர் காவிரிப் படுகைக்கே உரியது. வெள்ளைக்காரத் தூண்டில்காரர்களிடம் அதைப் பிரபலமாக்கியதில் தாமஸுக்கும் பங்குண்டு. 1946-ல் மைசூர்ப் பக்கம் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்ததன் எடை 120 பவுண்டு. அதாவது 54 கிலோ, ஒரு ஆள் எடை. பிறகு அணைகள், வெடி, மணல் கொள்ளை. மீன் குறைகிறதே என்று நல்லெண்ணத்தோடு லோனாவ்லா பண்ணையில் பொரித்த வேறு ஜாதி மஹசீரை, நீலத் துடுப்புக்காரனை, கொண்டுவந்து விட்டார்கள். வந்தவன் பெருகினான். இருந்தவன் அருகிப்போனான். கூன் மஹசீரின் விஞ்ஞானப் பெயர் 'டார் ரெமாதேவி'தான் என்று 2018-ல்தான் உறுதியானது. அதே வருஷம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்தது. பெயர் வைக்கிற அன்றைக்கே கருமாதிக்கு நாள் குறித்த மாதிரி.

ஆகவே 'ராட் இன் இண்டியா'வை டிப்ஸுக்காகப் படித்தால் பாதிப் புத்தகம்தான் கிடைக்கும். முள்ளும் இரையும் முடிந்ததும் மூடிவைத்துவிடாமல், குஞ்சுமீன், விஷம் என்று தாமஸ் கோபப்படுகிற பக்கங்களையும் படியுங்கள். எழுத்து அங்கேதான் சூடாக இருக்கிறது. வாக்கியங்கள் விக்டோரியா காலத்து நீளம், ஜோக்குகளுக்கும் அதே வயசு. தாண்டிப் போகலாம், தப்பில்லை.

ஒரிஜினல் பதிப்பைத் தேடி மட்டும் அலையாதீர்கள். பழைய புத்தக வியாபாரிகள் அதற்குச் சொல்கிற விலையில் நல்ல ராடு, ரீல் இரண்டுமே வாங்கிவிடலாம்.