தொடையில் நிற்காத தாளம்: விஜய் ஐயரின் 'ஹிஸ்டாரிசிட்டி'

பெயரைச் சொன்னதும் அப்பா கேட்டது, "ஐயரா? அப்ப ராகம் எப்ப வரும்?" கே.கே. நகரில் சிவன் பார்க் பக்கத்து எங்கள் வீட்டு ஹாலில் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். ஆனா உண்மையைச் சொன்னா, முதல் தடவை கேட்டப்போ நானும் அதைத்தான் தேடினேன்.

கடைசிவரை வராது. 2009இல் ஜெர்மனியின் ஆக்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் இது. ஐயர் பியானோ, ஸ்டீஃபன் க்ரம்ப் பேஸ், மார்கஸ் கில்மோர் டிரம்ஸ். மொத்தம் பத்து உருப்படி. நாலு ஐயருடையது, ஆறு பிறருடையது. ஜாஸில் 'ஸ்டாண்டர்ட்' என்பதைப் புரிந்துகொள்ள கச்சேரி கேட்டு வளர்ந்த நமக்குக் கஷ்டமில்லை. ஊருக்கே தெரிந்த கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, அதில் நீ என்ன செய்கிறாய் என்று காட்டும் விஷயம்தான். ஆனால் அந்தக் கறாரான அர்த்தத்தில் இங்கே 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லத்தக்கது 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் 'சம்வேர்' ஒன்றுதான். மற்ற ஐந்தும் ஆண்ட்ரூ ஹில், ஜூலியஸ் ஹெம்ஃபில், ஸ்டீவி வொண்டர், ரானி ஃபாஸ்டர், எம்.ஐ.ஏ. ஆகியோருடையவை. எது ஸ்டாண்டர்ட் என்பதை ஐயரே தீர்மானிக்கிறார்.

தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர், 'வேர்' என்று ஒன்றை நீட்டியிருந்தால் உலகம் மகிழ்ச்சியாக வாங்கியிருக்கும். (கிதார் பிரசன்னாவோடு 'தீர்த்தா' 2011இல் வந்தது. அது வேறு கதை.) இங்கே அவர் தன் முன்னோர்களாக வரிசைப்படுத்துவது பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்களை. நடுவில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர்: மாதங்கி அருள்பிரகாசம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் போன எம்.ஐ.ஏ.வின் 'காலாங்'. முள்ளிவாய்க்கால் நடந்த அதே ஆண்டில் வந்த ஆல்பத்தில் அந்தப் பாட்டு, சொற்களே இல்லாமல், மூன்றே நிமிடத்துக்குள். இடது கை இடித்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு இங்கேதான் தொண்டை அடைத்தது. நான் தேடிய தமிழ் ராகத்தில் இல்லை, இந்தத் தேர்வில் இருந்தது.

குறையும் உண்டு. ஐயரின் சொந்த உருப்படிகளில் தலைப்புப் பாடல் பிரமாதம். 'ஹீலிக்ஸ்' எனக்கு வறட்சிதான். கணக்கு முன்னால் வந்து நிற்கிறது, இசை பின்னால் ஓடி வருகிறது. பிறர் பாட்டைத் தொடும்போது அவர் இன்னும் சுதந்திரமாக இருக்கிறார் என்பது விசித்திரம்.

கணக்கு இசையாகவே ஆகிற இடம் ரானி ஃபாஸ்டரின் 'மிஸ்டிக் ப்ரூ'. ஹிப் ஹாப் கேட்பவர்களுக்கு இது எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் வழியாக ஏற்கெனவே பழக்கமான மெட்டு. 5:3, 8:5 என்று நீளும் ஃபிபனாச்சி விகிதங்களை இதில் பயன்படுத்தியது பற்றி ஐயரே கார்டியன் நாளிதழில் எழுதியிருக்கிறார். கில்மோர் இங்கே வாசிப்பது பக்கவாத்தியம் இல்லை. மூன்று பேரும் சேர்ந்தே தரையை இழுத்து நீட்டுகிறார்கள். ஆனால் மெட்டு கொஞ்சமும் அலுங்குவதில்லை.

சின்ன வயசில் மிருதங்கம் கற்ற அப்பா, இது வந்ததும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். நாலாவது சுற்றில் கை நின்றது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி தப்பியது.

"எட்டா, பத்தா? கைய வைக்கவே விட மாட்டேங்கறானே" என்றார். ராகத்தைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கவில்லை. "முதல்லேர்ந்து போடு."